டிஸ்க் தீர்ந்த வாரத்தில் நான் போட்ட 'ஆர்'

போன மாதம் எனக்குச் சால்வை போட்டார்கள். சிதம்பரத்தில் நான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது. சிறுநீரில் வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்யும், எது செய்யாது என்பதை அதுவே பார்த்து அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடுமாம். அதைத் தொடங்கிவைக்கிற அன்று பழைய ஆட்களையும் கூப்பிடலாம் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது. "கலியமூர்த்தி சார் குடுத்த ரிப்போர்ட்ட ஒரு டாக்டர்கூட திருப்பி அனுப்புனதில்ல" என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

டீ குடிக்கும்போது கவிதா பக்கத்தில் வந்து நின்றாள். என்னிடம் நாலு வருடம் வேலை கற்றுக்கொண்ட பெண். இப்போது கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பகுதி அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

"மெஷின் வர்ற வரைக்கும் நீங்க காட்டுன வழிதான் சார். ஏதாச்சும் டிஸ்க் ஸ்டாக் இல்லன்னா அந்த மருந்துக்கு ஆர் போட்டுடுவோம். ஒரு பிரச்சன வந்ததில்ல."

"நான் எப்பம்மா அப்பிடிச் சொன்னேன்?"

"நீங்க சொல்லல சார். பாத்துக் கத்துக்கிட்டோம்."

அவள் என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். டெக்னீஷியன்கள் சேர்ந்து போடுகிற ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் சரியில்லை, கை நடுங்குகிறது என்று தட்டிக் கழித்துவந்தேன். கண்ணும் கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். படிப்பு முடித்து, கடலூரில் இரண்டு மூன்று இடங்களில் ரத்தம் எடுத்து, சர்க்கரை பார்த்துக் காலம் தள்ளினேன். அதன்பிறகு சிதம்பரத்தில் இந்த வேலை. தினமும் காலை ரயிலில் போவேன், சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன். கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் மங்கையர்க்கரசி அம்மா சொல்லிக்கொடுத்ததுதான்.

அம்மா கிருமியியல் படித்தவர். புதுச்சேரியிலிருந்து வாரம் மூன்று நாள் வருவார். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் கடைசி வரைக்கும் "நீங்க" என்றுதான் கூப்பிட்டார். கையெழுத்துப் போட உட்கார்ந்தால் முதலில் பேனா மூடியைக் கழற்றி வலதுபக்கம் வைப்பார். ரிப்போர்ட்டில் ஏதாவது உறுத்தினால் ஒன்றும் சொல்லாமல் அந்த மூடியை எடுத்துப் பேனாவில் திரும்பவும் சொருகிவிடுவார். அவ்வளவுதான், நான் தட்டை எடுத்து மறுபடி அளக்கப் போய்விடுவேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். சிறுநீரில் ஒரு துளியை அளவுக் கம்பியால் எடுத்து, கிருமிக்கு உணவு ஊற்றி உறையவைத்த தட்டில் இழுத்து வைத்தால் மறுநாள் கிருமி புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். அதில் நாலைந்து புள்ளியை உப்புத் தண்ணீரில் கரைக்க வேண்டும். கலங்கல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரிக் குழாய் உண்டு, அதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்வோம். பிறகு பஞ்சுக் குச்சியில் தொட்டு வேறொரு தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்து தோய்த்த சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை இடுக்கியால் வைப்போம். அதுதான் டிஸ்க். ஒரு தட்டுக்கு ஆறு. மறுநாள் பார்த்தால், வேலை செய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். வேலை செய்யாத மருந்தின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து மண்டிக்கிடக்கும். தட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்து அந்த வட்டத்தை அளக்க வேண்டும். அட்டவணையில் சொன்ன மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எஸ், வேலை செய்யும் என்று அர்த்தம். ரொம்பக் குறைந்தால் ஆர், மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது.

அம்மா ஏதாவது ஒரு தட்டை எடுத்து ஜன்னல் பக்கம் போய், கறுப்புத் துணியை அடியில் விரித்துத் தானே அளப்பார். அளந்ததைச் சொல்லமாட்டார். "உங்க அளவு என்ன, கலியமூர்த்தி?" என்று என்னைக் கேட்பார். ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடுவார். இரண்டு என்றால் இரண்டு பேரும் மறுபடி அளப்போம். அவருடையது தப்பாக இருந்த நாளும் உண்டு. "என்னுதுதான் தப்பு, திருத்திக்குங்க" என்பார். அந்த மாதிரி மனுஷியிடம்தான் நான் பொய் சொன்னேன்.

டிஸ்க்குகள் குப்பி குப்பியாக வரும், ஃப்ரீஸரில் இருக்கும். அதிகம் ஓடுகிற மருந்துகளுக்கு எப்போதும் இருப்பு இருக்கும். நைட்ரோ என்று நாங்கள் சொல்லும் பழைய மாத்திரை ஒன்று உண்டு. மலிவானது. சிறுநீரைப் பழுப்பாக்கும், வயிற்றைப் புரட்டும், டாக்டர்கள் பாதிப் பேர் அதை மறந்தே போயிருந்தார்கள். ஆனால் புது மாத்திரைகள் எல்லாம் தோற்றுப்போன கிருமியையும், மூத்திரப்பையோடு நிற்கிற நோய் என்றால், இது பல சமயம் மடக்கிவிடும். தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கிற பொடி மருந்து ஒன்றும் இருந்தது. அது அப்போது எங்கள் பக்கத்து மருந்துக் கடைகளுக்கு வந்து சேரவில்லை. ஆக, ஊசிக்குப் போகாமல் தப்பிக்க நைட்ரோதான் வழி. அந்த டிஸ்க்தான் அடிக்கடி தீர்ந்துபோகும். கம்பெனிக்குச் சொல்லிவிட்டால் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

இல்லாத நாளில் அந்த இடத்தில் கோடு போட வேண்டும், 'பார்க்கப்படவில்லை' என்று எழுத வேண்டும் என்பது அம்மா வைத்த சட்டம். நானும் போட்டேன். கோடு போட்டால் போன் வரும். "ஏன் பாக்கல? டிஸ்க்கூட இல்லாம என்னா லேப் நடத்துறீங்க?" என்று டாக்டர் கேட்பார். அப்புறம் முதலாளி கேட்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்லி மாளாது. எஸ் என்று குருட்டாம்போக்கில் போடவும் முடியாது. மருந்து வேலை செய்யாவிட்டால் நோயாளி திரும்பி வருவார், ரிப்போர்ட் சந்திக்கு வரும். ஆர் போட்டுவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த மருந்தை டாக்டர் எழுதவே மாட்டார், வேறொன்றை எழுதுவார், நோய் போய்விடும். நான் போட்டது பொய் என்று கண்டுபிடிக்க உலகத்தில் ஒரு வழியும் கிடையாது.

முதல் தடவை கை கூசியது. பத்தாவது தடவை கூசவில்லை. 'எச்சரிக்கையாக இருக்கிறேன்' என்று அதற்கு ஒரு பேரும் வைத்துக்கொண்டேன்.

தமிழ்ச்செல்வி கீரப்பாளையம் பக்கம் கிராம சுகாதார செவிலியர். என் மனைவிக்கும் அதே ஊர், அந்த முறையில் என்னை மாமா என்பாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். ஸ்கூட்டியில் வயல்காட்டு ரோடெல்லாம் சுற்றி, கர்ப்பிணிகளைப் பார்த்து, தடுப்பூசி போட்டு வருகிற வேலை. நாள் முழுக்க வெயிலில் சுற்றுவாள், தண்ணீர் குடிக்கமாட்டாள். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே. அந்த வருடம் அவளுக்குச் சிறுநீர்க் கடுப்பு மூன்றாவது தடவையாக வந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தரம் ஊசி போட்டுக்கொண்டும் திரும்ப வந்துவிட்டது. பாட்டிலை அவளே எடுத்துக்கொண்டு லேபுக்கு வந்தாள்.

"மாமா, இந்த வாட்டி மாத்திரையா பாத்து வேல செய்யிற மாதிரி ஒன்னு கண்டுபுடிச்சிக் குடுங்க. ஊசின்னா தெனம் போவணும் வரணும். எனக்குக் கேம்ப் இருக்கு, லீவு போட முடியாது."

"வருதான்னு பாப்பம் செல்வி" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் தட்டு இரண்டையும் கவிழ்த்து அளந்தேன். மாத்திரையாக இருப்பவை எல்லாவற்றையும் ஒட்டிக் கிருமி மண்டியிருந்தது. வரிசையாக ஆர், ஆர், ஆர். தெளிந்த வட்டம் இரண்டே இரண்டு, இரண்டும் ஊசி. ஒன்று அமிக்காசின். இன்னொன்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் போடுகிற பெரிய ஊசி. நைட்ரோ டிஸ்க் அந்த வாரம் இல்லை. எல்லாமே ஆராக இருக்கும்போது அது மட்டும் என்ன வாழ்ந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். உண்மையில் அவ்வளவுகூட நினைக்கவில்லை. கை அதுபாட்டுக்கு ஆர் போட்டது.

அன்று அம்மா வருகிற நாள். மூடியைக் கழற்றி வைத்தார், படித்தார், நிறுத்தினார்.

"நைட்ரோவுமா ஆர்? இந்தக் கிருமிக்கு அது அவ்வளவா வராதே. அளந்தீங்களா?"

"அளந்தேன் டாக்டர். வட்டமே விழல."

"தட்டு இருக்கா?"

"கொதிக்கப் போட்டுட்டேன் டாக்டர்."

அளந்து முடித்த தட்டுகளைக் கிருமி சாகக் கொதிக்கவைத்துத்தான் வெளியே போடுவோம், செல்வியின் தட்டு இன்னும் போகவில்லை. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை பேனா மூடி வரைக்கும் போனது. "நீங்க சொன்னா சரி" என்று கையெழுத்துப் போட்டார். அவர் அந்த மூடியை எடுத்திருக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் அவர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். பொய் சொன்னவன் நான், கோபம் மட்டும் அவர்மேல். மனசு அப்படித்தான் சந்து தேடும்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்க வந்த செல்வி கவரைப் பிரிக்கவே இல்லை. நேராக என்னைக் கேட்டாள்.

"மாத்திர ஏதாச்சும் இருக்கா மாமா?"

"ஒன்னும் தேறல செல்வி. ஊசிதான்."

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு, "நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரே நாளில் இரண்டு பேர் இதைச் சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் அமிக்காசின் பத்து நாள் எழுதினார். என் ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அவளுக்கு ஐந்தாவது ஊசி போட்ட நாளில் நைட்ரோ டிஸ்க் வந்து சேர்ந்தது. மருந்தை எதிர்க்கிற கிருமிகளை ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். செல்வியின் கிருமியும் குழாயில் இருந்தது. எதற்காக எடுத்தேன் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆர் வந்துவிட்டால் என் பொய் உண்மையாகிவிடும் என்ற ஆசையாகத்தான் இருக்க வேண்டும். டிஸ்க் வரப்போகிறது என்று தெரிந்து முந்தின நாளே புதுசாக வளர்த்து வைத்திருந்ததை, வந்த அன்றே பூசி, அந்த டிஸ்க் ஒன்றை மட்டும் நடுவில் வைத்தேன்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போய்த் தட்டை எடுத்தேன். அளக்கவே வேண்டாம், அவ்வளவு பெரிய வட்டம். இருந்தாலும் அளந்தேன். இருபத்திரண்டு மில்லிமீட்டர். பதினேழு இருந்தால் போதும். மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் இருபத்திரண்டு.

அன்று ஆறாவது ஊசி. அதைப் போட்டுவிட்டாலும் இன்னும் நாலு பாக்கி இருந்தது. போனை எடுத்து, "செல்வி, மாத்திர இருக்கு, டாக்டர்கிட்ட கேட்டு ஊசிய நிறுத்து" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொன்னால் ஏன் முதலில் ஆர் போட்டாய் என்ற கேள்வி வரும். அம்மாவிடம் சொல்ல வேண்டும். முதலாளிக்குத் தெரியும். இத்தனை வருடம் போட்ட ஆர் எல்லாம் சந்தேகத்துக்கு வரும். இன்னும் நாலு ஊசிதானே என்று நினைத்துக்கொண்டேன். தட்டைக் கொண்டுபோய்க் கொதிக்கப் போட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே.

மறுநாள் அவளே போன் பண்ணினாள்.

"மாமா, ரெண்டு நாளா காதுல வண்டு கத்துற மாதிரியே இருக்கு. ஊசியாலயா இருக்குமா? டாக்டரக் கேட்டேன், அசதி, தண்ணி குடிங்கன்னாரு."

அமிக்காசின் காதை வாங்கும் என்பது எனக்குத் தெரியும். டிஸ்க் வைக்கிறவனுக்குத் தெரியாதா? அவளும் செவிலியர், அவளுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டாள். மாத்திரை இல்லை என்று நான் சொன்னதை நம்பியதால் ஊசியை விட முடியாமல் இருந்தாள்.

"முடிஞ்சா சரியாயிடும் செல்வி" என்றேன்.

பத்தும் போட்டு முடித்தாள். கடுப்பு போய்விட்டது. காதில் அந்தச் சத்தம் நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும் சக்தியும் குறைந்துகொண்டே வந்தது. காது டாக்டர், நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். முன்பு போட்ட ஊசியும் சேர்ந்திருக்கலாம், வயசும் இருக்கலாம், இன்னதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். அந்த 'சொல்ல முடியாது' என்ற சந்துக்குள் நான் ஆறு வருடம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

அதன்பிறகு நடந்ததை என் மனைவி ஊருக்குப் போய்வந்து சொன்னாள். வயிற்றுக் குழந்தையின் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கிற கருவி சுகாதார நிலையத்தில் ஒன்றுதான் உண்டு, ஊர் ஊராகப் போகும்போது வயிற்றில் வைத்துக் காதால் கேட்கிற குழல்தான். ஒரு கேம்ப்பில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் வயிற்றில் செல்வி குழலை வைத்திருக்கிறாள். துடிப்பு இல்லை. இடம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள், இல்லை. அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பதறிப்போய் ஆம்புலன்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பியிருக்கிறாள். குழந்தை நன்றாக இருந்தது. அந்தப் பெண்ணின் மாமியார் திரும்பி வந்து, "காது கேக்காதவ எதுக்கு வயித்துல கை வெக்கிற? உசுரே போயிட்டு வந்துச்சி" என்று பேசியிருக்கிறார். செல்வி அந்த மாதமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதைக் கேட்டுவிட்டு நான் எழுந்துபோய்க் குளித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு கீரப்பாளையத்தில் ஒரு விசேஷத்துக்கும் நான் போகவில்லை. மனைவி கேட்டால் டூட்டி என்றேன், ஓய்வு பெற்ற பிறகு முட்டி வலி என்றேன். டாக்டர் அம்மா உடம்பு முடியாமல் வேலையை விட்டுப் போனபோது வழியனுப்ப முதுநகரிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு போனேன், விஷயத்தைச் சொல்லவில்லை. போன வருடம் அம்மா இறந்துவிட்டார்.

இந்த அழகில்தான் சால்வை. பாத்துக் கத்துக்கிட்டோம் என்று கவிதா சொன்ன அன்றைக்கே அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மெஷினிலும் எல்லா மருந்தும் இருக்காது, பிள்ளைகளே. இல்லாததற்குக் கோடு போடுங்கள், போன் வந்தால் திட்டு வாங்குங்கள். திட்டு வாங்கி யாரும் செத்ததில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கீரப்பாளையம் போனேன். செல்வி வாசல் அறையில் டிவியில் ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. காது மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தாள். மாட்டினால் ஃபேன் சத்தம்தான் பெரிதாக வருகிறதாம்.

"செல்வி, ஒன்னு சொல்லணும்."

"என்னா?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன். எதிர்வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் தலை நிமிர்ந்தார்கள். என் குரல் தானாக அடங்கிவிட்டது. செல்வி என் வாயையே பார்த்தாள், பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க மாமா. எல்லாரும் இதுலதான் பேசுவாங்க."

எழுதினேன். அந்த மாத்திரைக்கு டிஸ்க் இல்லை, பார்க்காமலே ஆர் போட்டேன், மாத்திரை இல்லை என்று உன்னிடம் பொய் சொன்னேன் என்று எழுதினேன். அங்கேயும் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அந்த மாத்திர வேல செஞ்சிருக்குமா?"

'செய்திருக்கும்' என்று எழுதினேன்.

"டெஸ்ட்டே பண்ணலன்னீங்க. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முப்பது வருடம் சுகாதார வேலை பார்த்தவள், சரியான இடத்தில் கையை வைத்துவிட்டாள். 'பிறகு போட்டுப் பார்த்தேன்' என்று எழுதினேன்.

"எப்ப?"

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரப்படுத்தவில்லை. 'ஆறாவது ஊசி அன்றைக்கு' என்று எழுதினேன்.

படித்தாள். உதட்டுக்குள் ஏதோ எண்ணினாள். விரல் நான்கு மடங்கியது.

"காதுல சத்தம் கேக்குதுன்னு போன் பண்ணனே, அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

அவளுக்கு இப்போது தன் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரிவதில்லை. மெதுவாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பாள். எதிர்வீட்டில் முறத்தின் சத்தம் நின்றுவிட்டது, ரோட்டில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். மெதுவாகப் பேசு என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு அவள் அதையே இன்னொரு தரம், இன்னும் பலமாகக் கேட்டாள். தெருவைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினேன்.